அண்ணன் வந்தால் லைன் ஓடும்

எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லிப் பாருங்கள். கேன்டீன்காரர் முதல் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் வரை சண்டைக்கு வருவார்கள். "தங்கமான மனுசன்லா" என்பார்கள். "அண்ணன் வந்தா லைன் ஓடும்லா" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். தங்கமான மனிதர்தான், நானும் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தங்கத்தால் ஸ்டெல்லா அக்காவின் வலது கை என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஊரான கொட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் கோபம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டாம்.

நாங்கள் மீன்வலைக்கு நூல் செய்கிறோம். கடியப்பட்டணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது கம்பெனி. கடல் கண்ணில் படாது, ஆனால் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, ஓட்டை போட்ட அச்சு வழியாகப் பிதுக்கி, தண்ணீரில் ஆற்றி, வரும் இழைகளை வரிசையாக நிற்கும் உருளைகளில் இழுக்க வேண்டும். முதல் உருளைகள் மெதுவாக ஓடும். அடுத்தவை பல மடங்கு வேகமாக ஓடி நூலைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில்தான் நூலுக்கு பலம் வருகிறது. வேகம் கொஞ்சம் பிசகினாலும் நூல் அறும், இல்லையென்றால் சவசவவென்று ஆகிவிடும். லைனில் நிற்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேரின் வீட்டு ஆண்கள் அந்த நூலில் கட்டிய வலையோடுதான் கடலுக்குப் போகிறார்கள். அதனால் நூல் மோசமானால் மேனேஜருக்கு முன்னால் அவர்கள் வீட்டிலேயே திட்டு கிடைத்துவிடும்.

நான் இரணியல்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு இங்கே மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். அப்போது ஒவ்வொரு உருளைக்கும் ஒரு மோட்டார், ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் என்கிற ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு குமிழ். ஒருத்தி இந்த மூலையில் திருக, இன்னொருத்தி அந்த மூலையிலிருந்து "போதும், போதும்" என்று கூப்பாடு போட, அப்படித்தான் லைனை ஒத்துப்போக வைப்போம். பிறகு முதலாளி எல்லா டிரைவையும் ஒரே நெட்வொர்க்கில் கோத்துவிடலாம் என்று முடிவு செய்தார். கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே ஈதர்நெட் கேபிள்தான், தோல் மட்டும் கொஞ்சம் தடிமன். நடுவே பிஎல்சி என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி உட்கார்ந்து எல்லா டிரைவுக்கும் உத்தரவு போடும். பெண்கள் நிற்கிற இடத்தில் ஒரு தொடுதிரை. அதில் எண்ணை மாற்றினால் எல்லா உருளையும் கணக்காக மாறும். அதைச் செய்து கொடுக்க வந்தவர்தான் அவர்.

நாற்பது வயதைத் தாண்டியவர். கல்ஃபில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். இங்குள்ள கம்பெனிகளில் டிரைவ் படுத்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், தோளில் சுருட்டிப் போட்ட கேபிள். வேலை முடிந்ததும் இரண்டு கையையும் தட்டி "கலாஸ்!" என்பார். அரபியில் முடிந்தது என்று அர்த்தமாம். ஒரே வாரத்தில் அந்தச் சொல் கம்பெனி முழுக்கத் தொற்றிக்கொண்டது. சோற்றுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாலும் கலாஸ்தான்.

வேலை தெரியாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்தவர் செய்தார் என்பதுதான் என் ஆத்திரமே. நெட்வொர்க்கில் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும். இணைத்த முதல் நாள் இரண்டு டிரைவுகள் மாறி மாறி மயக்கம் போட்டன. அவர் லைனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பரு. ஒரே நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் எங்க போவான்?" என்று கேட்டார்.

மூன்றாம் உருளையில் நிற்கிற ஸ்டெல்லா அக்கா உடனே, "எங்க தெருவுக்கு வந்து பாருங்க தம்பி. ரெண்டு வீட்டுக்கும் கரண்ட் பில்லு மாறித்தான் வரும். பணம் கெட்டுகது என்னமோ நான்தான்" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவருக்கு அவள் அக்கா, அவளுக்கு அவர் தம்பி. அக்கா ஞாயிறு பூசை முடிந்து வந்து செய்த மீன்குழம்பில் ஒரு பங்கை மறுநாள் அவருக்குக் கொண்டுவருவாள். அவர் ரசவடை வாங்கிக்கொண்டு வந்து லைனில் எல்லோருக்கும் கொடுப்பார். மேனேஜர் கத்த வந்தால் ஏதோ ஒரு கல்ஃப் கதையைச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார்.

அதுதான் அவர். யார் முகமும் வாடி அவரால் பார்க்க முடியாது. மனிதர் முகம் என்றில்லை, பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலும் பொறுக்காது. "சிவப்பப் பாத்தா எனக்கு வெப்ராளம் வந்திரும் மக்கா" என்பார். பதறிப்போய் உடனே அதை அணைக்க வேண்டும். எதற்கு எரிகிறது என்பது இரண்டாம் பட்சம்.

ஒருமுறை ஏதோ சாமான் வாங்க நாகர்கோவிலுக்கு அவர் காரில் போனோம். நானும் ஸ்டோர்ஸ் பெண் ஒருத்தியும் பின்னால் இருந்தோம். வண்டியின் டேஷ்போர்டில் நடுவே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "அதுக்கடியில ஒரு லைட்டு எரியுது மக்கா. ஓட்டும்போது கண்ணக் குத்துது" என்றார். வில்லுக்குறி தாண்டும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. இறங்கினார், பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கினார், அந்த வீட்டு அம்மாவிடம் அவர்கள் மாமரத்தைப் பற்றி விசாரித்து அவளையும் குளிரவைத்தார். தண்ணீர் ஊற்றி, "கலாஸ்" என்று கை தட்டினார். ஸ்டோர்ஸ் பெண் வயிறு வலிக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுவாரமும் அந்த டேப் அங்கேயேதான் இருந்தது.

இன்னொரு நாள் கேன்டீன் சோற்றில் புழு கிடந்தது. பெண்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அதற்கு முன்னாலும் புழு வந்திருக்கிறது, ஆனால் எல்லோரும் சேர்ந்து எழுந்தது அன்றைக்குத்தான். மேனேஜர் வரட்டும், கேன்டீன்காரரை மாற்றச் சொல்லிக் கேட்டுவிடுவோம் என்று நின்றோம். அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார், வெளியே போனார், ஒரு பெரிய பொட்டலம் பரோட்டாவோடு திரும்பினார். "சவத்த விடுங்க. பசியோட சண்ட போட்டா யாருக்கு லாபம்?" என்று ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தார். தின்றுவிட்டு எல்லோரும் லைனுக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் வந்தபோது கேட்க ஆளில்லை. கேன்டீன்காரர் இன்றைக்கும் அதே ஆள்தான். அரிசியும் அதேதான்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் நான் பரோட்டாவைத் தொடவில்லை. "என்னட்டி, அண்ணன் மேல கோவமா?" என்று கேட்டார்.

"புழு போயிட்டா அண்ணே?" என்றேன்.

"கோவம் போயிட்டுல்லா, அது போதும்" என்றார். சொல்லிவிட்டு என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அவரோடு சண்டையும் பிடிக்க முடியாது.

ஆடிக்காற்று தொடங்கியதும் லைனில் தொல்லை ஆரம்பித்தது. மூன்றாம் உருளையின் டிரைவ் திடீர் திடீரென்று நெட்வொர்க்கிலிருந்து அறுந்துபோகும். பிஎல்சியின் குரல் அதற்கு எட்டாது. உத்தரவு வரவில்லையே என்று டிரைவ் தானாக நின்றுவிடும், திரை முழுக்கச் சிவக்கும். ஓர் உருளை நின்றால் நூல் எல்லாம் அறுந்து முந்தின உருளைகளில் போய் மொத்தையாகச் சுற்றும். அதை வெட்டி எடுத்து மறுபடி நூல் ஏற்றுவதற்குள் பெண்களின் இடுப்பு ஒடிந்துவிடும். மேனேஜர் வேறு தலைக்கு மேல் நின்று கத்துவார். அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

வந்தார், லேப்டாப்பைச் சொருகினார், கொஞ்ச நேரம் தட்டினார், கலாஸ் என்றார். லைன் ஓடியது. அதன் பிறகு நிற்கவேயில்லை. "என்ன கம்ப்ளெயின்ட் அண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணுல்ல மக்கா, அது கொஞ்சம் கோவக்காரப் பெட்டி. சமாதானப்படுத்தியாச்சு" என்றார். என்ன மாற்றினீர்கள், எனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டேன். நாளைக்குத் தருகிறேன் என்றார். கேட்டபோதெல்லாம் நாளைக்குத்தான்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கதைக்காக அதை மறைத்து வைத்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டிரைவுக்கு நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு செட்டிங் இருக்கிறது. நின்றுவிடு என்று வைக்கலாம். கடைசியாக ஓடிய வேகத்திலேயே ஓடிக்கொண்டிரு என்றும் வைக்கலாம். அவர் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தார். கேபிள் ஏன் அறுகிறது என்று பார்க்கவில்லை. அதோடு விட்டாரா? தொடர்பு அறுந்ததும் திரையில் வருகிற சிவப்பு எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார். தொடர்பு இல்லாதபோது உருளையின் வேகம் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடுகள் மினுங்கும். அது பார்க்க அசிங்கமாக இருந்திருக்கும் போல. உருளை நிஜமாக ஓடுகிற வேகத்துக்குப் பதில், நாம் அதற்கு இட்ட வேகம் அந்தக் கட்டத்தில் தெரியும்படி மாற்றினார். அதாவது நில் என்று நீங்கள் அமுக்கினால் திரை பூஜ்யம் காட்டும். உருளை அதைக் கேட்டதா இல்லையா என்று திரைக்கே தெரியாது.

 

எங்கள் லைனில் வேலை செய்கிற முறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உருளைக்குப் பக்கத்திலும் பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அறைந்தால் நெட்வொர்க்கைக் கேட்காமல் எல்லாமே அந்த நொடி நிற்கும். ஆனால் எல்லாம் நின்றால் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள்ளேயே உறைந்துவிடும். அதைச் சூடாக்கிச் சுரண்டி எடுத்து மறுபடி லைனை ஓட்ட ஒரு ஷிஃப்ட் போய்விடும். அமுக்கியவள் பெயர் மேனேஜர் அறை வரைக்கும் போகும். அதனால் அந்தப் பொத்தானை யாரும் தொட மாட்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே "அதத் தொட்டிராத பிள்ளே" என்பதுதான். நூல் ஓர் உருளையில் சுற்றிக்கொண்டால், வருகிற நூலை வெட்டி ஒதுக்கிவிட்டு, அந்த உருளையை மட்டும் திரையில் நிறுத்தி, கொக்கிக் கத்தியால் சுற்றை அறுத்து எடுப்பார்கள். உருளைகள் பழையவை, மூடி கிடையாது. பளபளவென்று தேய்ந்த இரும்பு. நூல் ஒழுங்காகச் சுற்றிய உருளை ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சுற்றிலும் உள்ள இரைச்சலில் காதாலும் சொல்ல முடியாது. திரையைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்டெல்லா அக்கா திரையை நம்பினாள். மத்தியான ஷிஃப்டில் மூன்றாம் உருளையில் நூல் சுற்றியது. நூலை வெட்டி ஒதுக்கினாள், நிறுத்துகிற பொத்தானை அமுக்கினாள், வேகம் பூஜ்யத்துக்கு வருவதைப் பார்த்தாள், அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கத்தியைக் கொண்டுபோனாள். உருளை கத்தியையும் கையையும் சேர்த்து இழுத்தது. நான் பக்கத்துப் பேனலில் இருந்தேன். ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்தேன். அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது அல்ல. "நான் அமுக்கினேன்லா பிள்ளே?" என்றாள். அமுக்கினீர்கள் அக்கா என்று நான் சொன்னேன். ஆனால் நான் பார்க்கவில்லையே. கம்பெனியில் எல்லோரும் வேறு சொன்னார்கள். திரையில் பக்கத்துப் பொத்தானை அமுக்கியிருப்பாள் என்றார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று மேனேஜர் எழுதி முடித்தார். அவள் வீட்டுக்காரர் கோபத்தில், "கண்ண எங்க கொண்டு வச்சிருந்தா?" என்று வார்டிலேயே கத்தினார். பாவம், அவருக்கும் வேறு எப்படிக் கதறுவது என்று தெரியவில்லை.

அண்ணன் ஞாயிறு தவறாமல் வந்தார். சீப்புச் சீப்பாக மட்டிப்பழம் கொண்டுவந்தார். நர்ஸுகளைச் சிரிக்கவைத்தார், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பழம் கொடுத்தார். அக்கா அவரிடமும் அதையே கேட்டாள். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். அவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, வேல மும்முரத்துல யாருக்கும் கை தவறும். இதுல உங்க தப்புன்னு ஒண்ணுமே இல்ல. கர்த்தர் உயிரத் தந்தாரு பாருங்க."

கேட்பதற்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை தவறிவிட்டது என்று அன்றைக்கு அவளே நம்பத் தொடங்கினாள். வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாள். அவள் தம்பி சொன்னார், அதனால் நம்பினாள். வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கத்தில் விரலால் எதையோ அமுக்குகிறாள் என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள்.

எனக்கு ஆறவில்லை. அவள் கை தவறுகிற ஆள் இல்லை. லைனில் அத்தனை வருஷம் நின்றவள், கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திரையை இயக்குவாள். ஒரு நாள் லைன் நிற்கிற நேரம் பார்த்து மூன்றாம் உருளையின் டிரைவ் முகப்பில் உள்ள பொத்தான்களை அமுக்கி ஒவ்வொரு செட்டிங்காகப் பார்த்தேன். நெட்வொர்க் அறுந்தால் கடைசி வேகத்தில் ஓடு என்று இருந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன், எச்சரிக்கையே வரவில்லை, நாம் இட்ட வேகத்தைத்தான் காட்டியது. பிறகு அந்தக் கேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிக்கொண்டே போனேன். சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே ஒரு கனெக்டர். கழற்றினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்றுதான், வேறொன்றுமில்லை. புதிய கனெக்டர் ஒன்றைப் போட்டேன். ஒரு கட்டன் டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த டிரைவ் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. என் கேபிள் கெட்டுப்போயிற்று, பாருங்கள், பாருங்கள் என்று கத்தியிருக்கிறது. அதன் வாயைத்தான் பொத்தியிருக்கிறார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனி பாத்தாச்சு. முடிஞ்ச விஷயத்தப் போட்டு எதுக்குக் கிளறணும்?" என்றார். செட்டிங்கை மட்டும் பழையபடி மாற்றிக்கொள் என்றார். அதை அவர் சொல்லித்தான் நான் செய்ய வேண்டுமா?

அண்ணனைக் கொட்டாரத்தில் ஒரு டீக்கடையில் வைத்துப் பிடித்தேன். கையில் அந்தப் பச்சைக் கனெக்டரைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். இதை அவர் பார்த்ததேயில்லை என்று சொல்லியிருந்தால்கூட என் கோபம் பாதி இறங்கியிருக்கும். அவர் பார்த்துவிட்டு, "ஆமா, அந்த ஜன்னலுக்குக் கீழ உள்ளது" என்றார்.

"தெரியுமா?"

"தெரியும் மக்கா. எல்லாத்தையும் மாத்தணும், அந்தப் பக்கம் கேபிளையே வேற வழியா கொண்டு போணும். ரெண்டு நாளு லைன் நிக்கும். மேனேஜர் ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு நின்னாரு. அவருகிட்டப் போய் எப்படிச் சொல்லுகது? பொம்பளையளும் பாவம், நூலு ஏத்தி ஏத்தி அழுகாத குறை. அப்பம் எல்லாரும் சந்தோசப்பட்டாவளா இல்லியா?"

"அக்காகிட்ட ஏன் கை தவறிட்டுன்னு சொன்னிய?"

"அவியளுக்கு ஒரு ஆறுதலுக்குச் சொன்னதுதானட்டி" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. நடிப்பில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. நிஜமாகவே அழுகிற மனிதரை என்ன செய்வது? இரண்டு அறை விடலாம் போல இருந்தது. அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கடியப்பட்டணம் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை, முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். நெட்வொர்க், செட்டிங் என்றெல்லாம் சொல்லவில்லை. நீங்கள் நிறுத்தச் சொல்லி அமுக்கினீர்கள், அது உருளைக்குப் போய்ச் சேரவில்லை, போய்ச் சேராவிட்டாலும் ஓடும்படி அவர் வைத்திருந்தார், திரையையும் பொய் சொல்ல வைத்திருந்தார் என்றேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீ சொல்லாத பிள்ளே. நீ எம் மேல உள்ள பாசத்துல சொல்லுவ. அவன் சொல்லட்டும்" என்றாள். இடது கையால் தடவித் தடவி ஃபோனில் அவர் பெயரை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! சாப்பிட்டியளா? கை எப்பிடி இருக்கு?"

"கை கெடக்கு. தம்பி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நான் அமுக்கினேனா இல்லியா?"

"அய்ய, அதெல்லாம் எதுக்கு இப்பம்? மனசப் போட்டு அலட்டாதிய அக்கா. அடுத்த ஞாயிறு நான் வாறேன். நல்ல மட்டிப்பழம் ஒரு தாறு சொல்லி வச்சிருக்கேன்."

"பழம் கெடக்கட்டு. அமுக்கினேனா இல்லியா?"

"அது வந்து அக்கா, மெஷின் சோலின்னா..."

"அமுக்கினேனா இல்லியா?"

அந்தப் பக்கம் எங்கோ டிவி ஓடுவது மட்டும் கேட்டது. ஃபோனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை, அதை மட்டும் அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

"அமுக்கினிய அக்கா" என்றார். குரலே மாறியிருந்தது. "நீங்க சரியாத்தான் அமுக்கினிய."

"பெறவு ஏன் அது நிக்கல?"

"நான் வச்சது அக்கா. நிக்காத மாதிரி வச்சது நான்தான்."

அக்கா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. திட்டவும் இல்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஏங்க, அத அங்க போட்டுட்டு இஞ்ச வாங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் வலை ஊசியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். என்ன ஏது என்று புரியாமல் என்னையும் அவளையும் பார்த்தார். அக்கா ஃபோனை அவர் காதுக்கு நேராக நீட்டினாள்.

"தம்பி, இன்னொருக்க சொல்லு. இவரு நிக்காரு."

ஃபோனில் முணுமுணுப்பாக ஏதோ வந்தது. அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை.

"சத்தமாச் சொல்லு."